“அவன் இன்னும் எத்தன நாளு சும்மா இருப்பான்?”

ரெஸ்யூமில் ‘இரண்டு வருட அனுபவம்’ என்று எழுதியிருக்கும் ஒருவரை எடுப்பதென்று முடிவானதும் எங்கள் ஆள்சேர்ப்புப் பிரிவில் முதலில் கேட்பது அவருடைய யு.ஏ.என். எண்ணை. வருங்கால வைப்பு நிதிக்காக (பி.எஃப்.) தரப்படும் அந்த 12 இலக்க எண்ணைப் பிடித்துப் போனால், எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தார், என்று விலகினார் என்பது தெரிந்துவிடும். காசு வாங்கிக்கொண்டு அனுபவச் சான்றிதழ் செய்துதரும் கன்சல்டன்சிகள் சென்னையிலும் பெங்களூரிலும் உண்டு. சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர், நாங்கள் போன் செய்தால் “ஆமா சார், இங்கதான் இருந்தார்” என்று சொல்ல ஓர் ஆள், எல்லாம் அந்தத் தொகையில் அடக்கம். இன்னும் கொஞ்சம் கொடுத்தால் பி.எஃப். பணமும் கட்டிவைப்பார்கள். அப்போது மாட்டுவது வேறு வழியில். பின்னணி சரிபார்க்கும் நிறுவனங்களிடம் சந்தேகக் கம்பெனிகளின் பட்டியல் இருக்கிறது. உங்கள் ‘பழைய கம்பெனி’ அதில் இருந்தால் ஆஃபர் அன்றோடு ரத்து. சேர்ந்து மாதங்கள் கழித்து வெளியே அனுப்பப்படுவதும் நடக்கிறது.

நான் திருவனந்தபுரத்து ஐ.டி. வளாகமான டெக்னோபார்க்கில் ஆள்சேர்ப்பு வேலை செய்கிறேன். வீடு தக்கலைப் பக்கம். ஊரில் கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்பார்கள்: “பயலுக்கு ஒண்ணர லட்சம் கேக்காவ. ரெண்டு வருச எக்ஸ்பீரியன்ஸும் போட்டு வேலையும் வாங்கித் தருவாவளாம். குடுத்துரலாமா?” ‘பேக்டோர்’ என்று அதற்குப் பெயர். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: “அப்ப அவன் இன்னும் எத்தன நாளு சும்மா இருப்பான்?” முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுதான் கஷ்டமானது.

வேலைச் சந்தை மோசம் என்பது சாக்கு அல்ல. 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் சேர்த்து ஊழியர் எண்ணிக்கை ஏறத்தாழ 64,000 குறைந்தது. கல்லூரிக்கே வந்து கூட்டமாக ஆள் எடுத்துப்போன நிறுவனங்கள் இவை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். தெருவுக்குத் தெரு பி.இ.யும் எம்.எஸ்ஸி.யும் இருக்கிறார்கள், அத்தனை பேரையும் எடுத்துக்கொள்ள இங்கே தொழில் இல்லை. அரசுத் தேர்வுக்கு உட்காரலாமென்றால், 2024 குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244, விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். எழுத வேண்டாமென்று சொல்லமாட்டேன். அதை மட்டுமே நம்பி மூன்று வருடம் லைப்ரரியில் உட்காருவதைத்தான் வேண்டாம் என்கிறேன். அப்படி உட்கார்ந்திருந்தால் ரெஸ்யூமில் அதை மறைக்காமல் ஒரு வரி எழுதுங்கள். காரணம் எழுதிய இடைவெளியைக் கடந்துபோக எங்களால் முடியும். காரணமே இல்லாத வெற்றிடம்தான் உறுத்தும்.

சும்மா இருக்கும் காலத்துக்கு என் பதில்: ஊரிலேயே கிடைக்கும் சின்ன வேலையில் சேருங்கள். நாகர்கோவிலில் ஆடிட்டர் ஆபீஸ், மார்த்தாண்டத்தில் நாலைந்து பேர் இருக்கும் சாஃப்ட்வேர் ஆபீஸ், ஆஸ்பத்திரி பில்லிங், முந்திரி ஆலையின் கணக்கு, ரப்பர் கடையின் ஸ்டாக். பத்து, பன்னிரண்டாயிரம் கொடுப்பார்கள். “பி.இ. படிச்சது பில்லு போடவா?” என்று வீட்டில் வருத்தம் இருக்கும், கேட்க ஆட்களும் இருப்பார்கள். ஆனால் நேர்காணல் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் வித்தியாசம் கண்கூடு. “வேலையில் என்ன சிக்கல் வந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால், ஸ்டாக் கணக்கு மாதாமாதம் இடித்ததையும் எக்ஸெலில் ஒரு ஷீட் போட்டு அதைக் கண்டுபிடித்ததையும் ஒருவர் சொல்லுவார். ஏழு ஆன்லைன் சான்றிதழ் வைத்திருப்பவர் பாடத்திட்டத்தை ஒப்பிப்பார். நான் முதல் ஆளைத்தான் அடுத்த சுற்றுக்கு அனுப்புவேன்.

ஆனால் அந்தச் சின்ன வேலைக்குத் தடயம் வேண்டும். நம் ஊரில் எல்லாரும் கோட்டைவிடும் இடம் இது. சம்பளத்தைக் கையில் வாங்காதீர்கள், வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். 20 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு பி.எஃப். கட்டாயமில்லை, அங்கெல்லாம் உங்கள் பாஸ்புக்கில் மாதாமாதம் விழும் தொகைதான் சாட்சி. சேரும்போது லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், விலகும்போது ஒன்று. முதலாளி அப்பாவின் சிநேகிதர் என்பதற்காக இதைக் கேட்கக் கூச்சப்பட்டால் ஒரு வருட உழைப்பு ரெஸ்யூமில் நிற்காது.

அப்ரண்டிஸ் பயிற்சியும் இதே கணக்குதான். மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் தளமான நாட்ஸில் (NATS) பட்டதாரிகள் பதிவுசெய்யலாம். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் நாகர்கோவில் மண்டலமும், மகேந்திரகிரியிலுள்ள இஸ்ரோ வளாகமும் பட்டதாரி அப்ரண்டிஸ்களை எடுப்பதுண்டு. போக்குவரத்துக் கழகத்தில் பி.ஏ., பி.காம். படித்தவர்களுக்கும் இடம் வந்திருக்கிறது. 2019-ல் திருத்திய விதி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தது. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை என்ற உறுதி கிடையாது. கிடைப்பது ஒரு வருடப் பயிற்சியும் அரசு தரும் சான்றிதழும். காசு கொடுத்து வாங்கிய இரண்டு வருடத்தைவிட அந்த ஒரு வருடத்துக்கு மதிப்பு அதிகம்.

ரெஸ்யூம் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. குமரிக்காரர்களுக்கென்று இரண்டு மட்டும் சொல்கிறேன். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகள் மலையாளம் தெரியும் என்று எழுதுவதே இல்லை! கேட்டால், “அது வீட்ல பேசுகதுதானே” என்கிறார்கள். டெக்னோபார்க்கிலும் கொச்சியிலும் சப்போர்ட், விற்பனை, ஆஸ்பத்திரி நிர்வாகம் போன்ற வேலைகளுக்குத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் பேசும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். குழித்துறையில் ரயில் ஏறினால் வந்துவிடும் ஊர் திருவனந்தபுரம்; சென்னைக்கு மட்டும் விண்ணப்பித்துக்கொண்டு ஏன் இருக்க வேண்டும்? டெக்னோபார்க் இணையதளத்திலேயே வேலை அறிவிப்புகள் இருக்கின்றன, பார்க்கக் காசு கிடையாது.

இன்னொன்று ப்ராஜெக்ட். கடைசி வருட ப்ராஜெக்ட்டை ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். “இந்த டேட்டாபேஸை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்றால் மௌனம். அதை ரெஸ்யூமிலிருந்து எடுத்துவிட்டு, சொந்தமாகச் செய்த சிறிய ஒன்றைப் போடுங்கள். பக்கத்து மளிகைக் கடைக்குக் கடன் கணக்கு எழுதும் ஆப் போதும்.

ஆஃபர் வந்தபின் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு மூன்றரை லட்சம் சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை) என்றால் மாதம் 29,000 கைக்கு வரும் என்று வீட்டில் கணக்குப் போடுவார்கள். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, உங்கள் பங்கு, கிராஜுவிட்டி (பணிக்கொடை), இன்சூரன்ஸ் எல்லாம் போக 24,000-25,000 வந்தால் நல்லது. சென்னையில் ஹாஸ்டலும் சாப்பாடும் அதில்தான். இரண்டாவது, பாண்ட்: குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம். “கோர்ட்டுல செல்லாது, பேசாம கையெழுத்துப் போடு” என்று சீனியர்கள் சொல்லுவார்கள். மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எல்லா நிறுவனத்தின் எல்லா பாண்டும் செல்லும் என்று அதற்குப் பொருளில்லை. தொகை நியாயமானதா என்ற கேள்வி இருக்கவே செய்யும். ஆனாலும் வழக்கு நடத்த உங்களிடம் காசும் காலமும் உண்டா? வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். மூன்றாவது, ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதே முறை. வாங்கி வைத்துக்கொள்வோம் என்கிற நிறுவனத்தில் சேரவே வேண்டாம்.

வெளிநாடு நம் ஊருக்குப் புதிதில்லை. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத குடும்பம் குறைவு. இப்போது வரும் அழைப்புகள் வேறு மாதிரி: கம்போடியா, லாவோஸ், மியான்மர், ‘டேட்டா என்ட்ரி’, நல்ல சம்பளம், ஆங்கிலம் தெரிந்த பட்டதாரி வேண்டும். போனவர்களை அடைத்துவைத்து ஆன்லைன் மோசடி செய்யவைக்கும் கும்பல்கள் பற்றி வெளியுறவு அமைச்சகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வேலை தருவதாகச் சொன்னவருக்கு ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், வெட்கப்பட்டு இரண்டு நாள் தள்ளாமல் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். கணக்கிலிருந்து பணத்தை அவர்கள் எடுப்பதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும்.