வல்னரபிள்: ‘பாதிக்கப்படக்கூடிய’ லின்க்ஸ்

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் என் அக்கா மகள், மாம்பலத்தில் எங்கள் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து நடப்பு நிகழ்வுக் குறிப்பை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். “ஐபீரிய லின்க்ஸ், அழிந்துவரும் நிலையிலிருந்து பாதிக்கப்படக்கூடிய நிலைக்கு மாற்றப்பட்டது.” சட்டென்று நிறுத்தினாள். “மாமா, இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?”

நல்ல செய்திதான். காதில் குஞ்சம் வைத்த, பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தக் காட்டு விலங்கு ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் முயலை நம்பி வாழ்கிறது. நோய் வந்து முயல்கள் செத்து மடிந்ததும் இதுவும் தேய்ந்துபோனது. 2001-இல் இனப்பெருக்க வயதை எட்டியவை 62 மட்டுமே. கூண்டில் ஈன்ற குட்டிகளைக் காட்டில் விட்டார்கள், முயல்களையும் பெருக்கினார்கள். 2022-இல் அந்த எண்ணிக்கை 648. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2024-இல், அழியும் ஆபத்தை அளக்கும் தன் சிவப்புப் பட்டியலில் அதற்கு ஒரு படி விடுதலை கொடுத்தது. அந்தப் படியின் பெயர்தான் ‘வல்னரபிள்’.

லத்தீனில் ‘வுல்னுஸ்’ என்றால் காயம். காயப்படத்தக்கது என்பது சொல்லின் பிறப்பு. அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்து ‘பாதிக்கப்படக்கூடிய’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எதனால், எவ்வளவு பாதிப்பு? பூமியில் பாதிக்கப்பட முடியாத உயிர் எது? என் வீட்டுக் கரப்பான்பூச்சியும் பாதிக்கப்படக்கூடியதுதான். பாதிப்பு வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. இங்கே அது எதையும் சொல்லவில்லை என்பதுதான் வழக்கு. பட்டியலோ கணக்காகப் பேசுகிறது: இனப்பெருக்க வயதை எட்டியவை 50-க்குக் கீழே போனால் ஒரு நிலை, 250-க்குக் கீழே அடுத்தது, 1,000-க்குக் கீழே இருந்தால் வல்னரபிள். நிலையை முடிவுசெய்யும் அளவுகோல்களில் இந்த எண்ணிக்கையும் ஒன்று.

‘அழிவாய்ப்பு இனம்’ என்று இன்னொரு ஆக்கமும் உலவுகிறது. இதை என்னால் வாய்விட்டுச் சொல்லவே முடியவில்லை. நமக்கு வாய்ப்பு என்றால் வேலைவாய்ப்பு, நல்வாய்ப்பு. கதவு திறந்து அழைக்கும் சொல். அழிவதற்கு யாராவது வாய்ப்புத் தருவார்களா? ‘வாய்ப்புண்டு’ என்று மழையைச் சொல்வோம், சாவைச் சொல்வோமா? சென்னையில் வானிலை அறிக்கை கேட்டே வளர்ந்த காது எனக்கு.

‘அருகிய’ நல்ல சொல். இலக்கண உரைகளில் ‘அருகிய வழக்கு’ என்று படித்தவர்களுக்கு உடனே பிடிபடும். ஆனால் அதை இதற்கு மேற்பட்ட ஆபத்து நிலைக்கு, அதாவது குறிப்பில் ‘அழிந்துவரும்’ என்று வந்த நிலைக்கு, ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். அங்கேயே இருக்கட்டும்.

நான் ‘நலிநிலை’ என்பேன். ‘நலிந்த பிரிவினர்’ நாளிதழில் தினமும் வருகிறது. உயிர் இருக்கிறது, பலம் இல்லை என்பது அதிலேயே தெரிகிறது. ‘அருகிய நிலையிலிருந்து நலிநிலைக்கு மீண்டது’ என்று எழுதிப் பாருங்கள். ‘மாற்றப்பட்டது’ என்ற சவலை வினையும் தானாக உதிர்ந்துவிடும்.

(லின்க்ஸுக்குச் ‘சிவிங்கிப்பூனை’ என்று பெயர் வைத்தவர்களோடு தனியாக ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. சிவிங்கி என்பது வேட்டைச்சிறுத்தையின் பெயர்.)

இத்தனையும் கேட்ட பிறகு அவள் பென்சிலால் ஓரத்தில் ‘நலிநிலை’ என்று எழுதிக்கொண்டாள். “தேர்வில் எதை எழுதுவது, மாமா?”

“குறிப்பில் இருப்பதையே எழுது,” என்றேன்.