பாதிச் சாப்பாடு, பாதிப் புரதம்

எடை பார்க்கும் மெஷினுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்: மொத்தம் எவ்வளவு என்பது. போனது கொழுப்பா, தசையா, வெறும் தண்ணீரா என்று அது சொல்லாது. "ஒரே மாசத்துல நாலு கிலோ குறைச்சுட்டேன்" என்று ஒருவர் பூரித்து நிற்கும்போது, அந்த நாலு கிலோவில் என்னென்ன இருந்தது என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். ஆனால் எடைக் குறைப்பில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

வெறுமனே சாப்பாட்டைக் குறைத்து இளைப்பவர்களுக்கு, குறைந்த எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பு அல்லாத பகுதியிலிருந்து போகிறது. ஆய்வாளர்கள் பல காலமாகப் பயன்படுத்திவரும் தோராயக் கணக்கு இது. அவசரமாக இளைத்தால், உடம்பை அசைக்காமல் இளைத்தால், அந்தப் பங்கு கூடும். இதில் ஒரு கண்கட்டு வித்தையும் இருக்கிறது. ஒரு கிலோ கொழுப்புத் திசு கரைய சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை (செலவைவிடச் சாப்பாடு குறைவது) வேண்டும். தசையிலோ முக்கால் பங்கு தண்ணீர். புரதம் கிலோவுக்கு 200 கிராம் அளவுதான். அதனால் ஒரு கிலோ தசையை இழக்க ஆயிரம் கலோரிக்குப் பக்கத்தில் பற்றாக்குறை இருந்தாலே போதும். அதாவது, தசை போனால் முள் வேகமாக இறங்கும். 'பத்தே நாளில் ஐந்து கிலோ' விளம்பரங்கள் பிழைப்பு நடத்துவது இந்தக் கணக்கை வைத்தும், கூடவே வடிந்துபோகும் தண்ணீரை வைத்தும்தான்.

சரி, தொப்பையில் அவ்வளவு கொழுப்பு இருக்கும்போது உடம்பு ஏன் தசையில் கை வைக்கிறது?

புரதத்துக்கு உடலில் கிடங்கு கிடையாது. கொழுப்பைச் சேர்த்து வைக்கத் தோலடியும் வயிறும் இருக்கின்றன. மாவுச்சத்துக்குக் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற சேமிப்பு இருக்கிறது. புரதம் மட்டும் சும்மா இருப்பதே இல்லை. தசையாக, நொதியாக, ஹீமோகுளோபினாக எங்கோ ஒரு வேலையில் இருக்கிறது. ஒரு நாளைக்கு 250 முதல் 300 கிராம் புரதத்தை உடல் உடைத்து மறுபடியும் கட்டுகிறது. உடைத்ததில் கிடைக்கும் அமினோ அமிலங்களில் (புரதத்தின் செங்கற்கள் இவை) பெரும்பகுதி திரும்பவும் கட்டுமானத்துக்கே போகும். ஒரு பகுதி எரிந்து, அதிலிருந்த நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் வெளியேறும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் நாம் தினமும் புரதம் சாப்பிட வேண்டியிருக்கிறது.

சாப்பாடு குறையும்போது தசைக்கு இரண்டு பக்கமும் அடி. ஒரு பக்கம் எரிவது கூடுகிறது. மூளைக்குத் தினமும் 100 கிராமுக்கு மேல் குளுக்கோஸ் வேண்டும். கொழுப்பு அமிலங்களைக் குளுக்கோஸாக மாற்றும் வழி நம் உடலில் இல்லை. எனவே மாவுச்சத்து வரத்து குறைந்தால், கல்லீரல் அமினோ அமிலங்களைப் பிடித்துக் குளுக்கோஸ் செய்கிறது. மறுபக்கம் கட்டுவது குறைகிறது. தசையில் புதுப் புரதம் கட்டுவது செலவு பிடித்த வேலை; கலோரி பற்றாக்குறை என்று தெரிந்ததும் செல் அந்த வேலையைத்தான் முதலில் மட்டுப்படுத்தும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பயிற்சி செய்து பழகிய இளைஞர்களுக்கே ஐந்து நாள் பற்றாக்குறையில் தசைப் புரதக் கட்டுமானம் 27% குறைந்தது. அதே ஆட்கள் எடை தூக்கியபோது அது பழைய நிலைக்கு வந்தது. அதோடு புரதமும் கொடுத்தபோது அதையும் தாண்டியது.

இங்கேதான் எத்தனை கிராம் என்ற கேள்வி வருகிறது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம். 55 கிலோ பெண்ணுக்குச் சுமார் 46 கிராம், 65 கிலோ ஆணுக்கு 54 கிராம். தானியமும் பருப்பும்தான் பிரதான உணவு என்றால் கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், ஏனென்றால் அந்தப் புரதத்தின் தரம் சற்றுக் குறைவு. 0.83 என்ற எண் எப்படி வந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். உள்ளே போகும் நைட்ரஜனையும் வெளியே வரும் நைட்ரஜனையும் அளந்து, இரண்டும் சமமாக எவ்வளவு புரதம் தேவை என்று கண்டுபிடித்து, தேவை ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் கொஞ்சம் கூட்டிப் போட்ட எண் அது. அப்படி அளந்தது, தேவையான அளவு கலோரி சாப்பிட்டு எடை மாறாமல் இருந்தவர்களிடம். பட்டினி பாதி, பத்தியம் பாதி என்று இருப்பவருக்கு அந்த எண் எழுதப்படவில்லை.

பற்றாக்குறையில் இருப்பவர்களை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 39 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, கிலோவுக்கு 0.8, 1.6, 2.4 கிராம் புரதம் கொடுத்து, 21 நாள் 40% கலோரி பற்றாக்குறையில் வைத்தார்கள். 1.6 சாப்பிட்டவர்கள் 0.8 சாப்பிட்டவர்களைவிடத் தசையை நன்றாகக் காப்பாற்றிக்கொண்டார்கள். 2.4-க்குப் போனவர்களுக்கு அதற்கு மேல் லாபம் இல்லை. 2016-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு இன்னும் கடுமையானது: 40 இளைஞர்கள், நான்கு வாரம், 40% பற்றாக்குறை, வாரத்துக்கு ஆறு நாள் முறிக்கிற பயிற்சி. 1.2 கிராம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ குறைந்தது, தசை அப்படியே நின்றது. 2.4 சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு 4.8 கிலோ குறைந்து, கொழுப்பு அல்லாத எடை 1.2 கிலோ கூடியது. ஜிம் விளம்பரங்கள் இரண்டாவது ஆய்வை மட்டும்தான் சொல்லும். அந்த இளைஞர்கள் பட்ட பாட்டை நாமும் படப்போகிறோமா என்று யோசித்துவிட்டு அதை எடுத்துக்கொள்வது நல்லது.

நடைமுறைக்கு, கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் என்பது நியாயமான எல்லை என்பேன். மெதுவாக இளைப்பவருக்குக் கீழ் எல்லை. கலோரியை வேகமாக வெட்டுபவருக்கும், எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்கும், 60 வயதைத் தாண்டியவருக்கும் மேல் எல்லை. வயதாக ஆக, அதே அளவு புரதத்துக்குத் தசை முன்போல அசைந்து கொடுப்பதில்லை. எந்தக் கிலோ என்பதிலும் கவனம் வேண்டும். 110 கிலோ இருப்பவர் 110-ஐ 1.6-ஆல் பெருக்கத் தேவையில்லை. கொழுப்புத் திசுவுக்கு அவ்வளவு புரதம் வேண்டியதில்லை. உயரத்துக்கேற்ற எடையை வைத்துக் கணக்குப் போட வேண்டும். 160 செ.மீ. உயரத்துக்கு அது 60 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. 60 என்றே வைத்தால் 72 முதல் 96 கிராம்.

இப்போது தட்டுக்கு வருவோம். 160 செ.மீ. உயரம், 75 கிலோ எடை உள்ள ஒரு பெண்ணின் சாதாரண நாள். காலையில் நாலு இட்லி: 8 கிராம். சாம்பார்: நாலு பேர் வீட்டில் 100 கிராம் துவரம்பருப்பு போட்டு வைத்த சாம்பார் காலைக்கும் மதியத்துக்கும் வந்தால், 22 கிராம் புரதம் எட்டுப் பங்காகி ஆளுக்கு ஒரு வேளைக்கு 3 கிராம்கூட வராது. சரி, 3 என்றே போடுவோம். சட்னி 1. மதியம் 150 கிராம் அரிசியை வடித்த சோறு: 12. சாம்பார் 3, பொரியல் 2, தயிர் 3. இரண்டு டீ, பிஸ்கட்: 6. இரவு மூன்று தோசை, சட்னி: 9. ஆக மொத்தம் 47 கிராம். எடை ஏறாமல் இறங்காமல் இருப்பவருக்கு, 0.83 கணக்கில் இது ஏறக்குறைய போதும்; தானியத்துக்கான 1 கிராம் கணக்கில் போதாது. இதில் பாதிக்கு மேல் வந்தது இட்லி, தோசை, சோற்றிலிருந்துதான் என்பதைக் கவனியுங்கள். அரிசியில் புரதம் இல்லை என்பது தவறு; இருக்கிறது, ஆனால் அந்த 12 கிராமோடு 500 கலோரிக்கு மேல் ஒட்டிக்கொண்டு வருகிறது.

இவர் "எல்லாத்தையும் பாதியா குறைச்சிடுறேன்" என்று முடிவெடுத்தால் என்ன ஆகும்? கலோரி பாதியாகும், புரதமும் 24 கிராமுக்கு வந்துவிடும். தேவை கூடுகிற நேரத்தில் வரத்து பாதி. சோற்றை அறவே நிறுத்திவிட்டு மற்றதை அப்படியே விடுபவருக்கும் 12 கிராம் அடிபடுகிறது. நம் ஊரில் இளைத்தவர்களைப் பார்த்து "என்ன, முகமெல்லாம் வத்திப்போச்சு" என்று கேட்பதில் பாதி கரிசனம் என்றாலும், இப்படி இளைத்தவர்களிடம் அது பெரும்பாலும் பொருந்திவிடுகிறது.

மாற்றிப் போட்டுப் பார்ப்போம். காலையில் இரண்டு இட்லி, சாம்பார், இரண்டு முட்டை: 20 கிராம். மதியம் 60 கிராம் அரிசியை வடித்த சோறு, சுத்தம் செய்த மீன் 150 கிராம் குழம்பில், கீரை, தயிர்: 38. சாயங்காலம் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் செய்த சுண்டல், ஒரு டீ: 12. இரவு இரண்டு அடை: 10. மொத்தம் 80 கிராம், கலோரி 1,400-இலிருந்து 1,500-க்குள். மீன், முட்டை சேராத வீட்டில் அந்த இடத்தில் 30 கிராம் மீல் மேக்கர், 75 கிராம் பன்னீர், ஒரு டம்ளர் பால் என்று வைத்தால் 75 கிராமைத் தொடலாம். சைவத்தில் மீல் மேக்கரைப் போலக் குறைந்த கலோரியில் புரதம் தருவது வேறொன்றும் சுலபமாகக் கிடைப்பதில்லை; உலர்ந்த நிலையில் பாதி எடை புரதம். அதன் ருசியைப் பற்றி நான் வாதாட வரவில்லை. வேர்க்கடலை நல்ல உணவுதான், ஆனால் 100 கிராமில் 25 கிராம் புரதத்தோடு 550 கலோரிக்கு மேல் வரும். கைப்பிடி அளவோடு நிற்க வேண்டும்.

புரதம் கூடினால் பசி அடங்குவது கூடுதல் வரவு. 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உணவில் புரதத்தின் பங்கை 15%-இலிருந்து 30% ஆக்கிவிட்டு, வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டார்கள். யாரும் சொல்லாமலே நாளுக்குச் சராசரியாக 441 கலோரி குறைத்துச் சாப்பிட்டார்கள். செரித்துப் பயன்படுத்தவே புரதத்தின் கலோரியில் 20 முதல் 30% செலவாகிவிடுகிறது என்பதும் உண்மை. ஆனால் அதை நம்பி எடை குறைய வேண்டும் என்றால் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

நமக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. ஒரே பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) உள்ள ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் இந்திய உடலில் கொழுப்பு அதிகம், தசை குறைவு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸை இன்சுலின் சொல்லி உள்ளே வாங்கிக்கொள்வதில் தசைக்குத்தான் பெரும் பங்கு. சர்க்கரை நோய்க்காக எடை குறைக்கப் போய், இருக்கிற கொஞ்சத் தசையையும் கரைத்துக்கொள்வது யாருக்கும் லாபமில்லை. செமாக்ளுடைடு போன்ற ஊசி மருந்தில் இளைப்பவர்களுக்கும் இது பொருந்தும். பசியே இல்லாதபோது முதலில் தட்டில் மிஞ்சுவது பருப்பும் முட்டையும்தான். புரதத்தை மட்டும் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாலும் பாதி வேலைதான் நடக்கும். வாரம் இரண்டு மூன்று முறையாவது தசைக்குப் பளு கொடுக்க வேண்டும்: டம்பெல், தண்டால், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, எதுவானாலும் சரி.

சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு மேலே சொன்ன அளவுகளால் கெடுதி வந்ததாக ஆதாரம் இல்லை. ஏற்கெனவே சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர் கதை வேறு. டயாலிசிஸ் நிலைக்கு வராதவர்களுக்குப் புரதத்தைக் கட்டுப்படுத்தச் சொல்வதுதான் மருத்துவ வழக்கம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கிரியேட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் பார்த்துவிட்டு, மருத்துவரிடம் கேட்ட பிறகே ஏற்றுவது நல்லது.

பவுடர் வேண்டுமா? சாப்பாட்டில் எட்டாதவருக்கு வே புரோட்டீன் சௌகரியம். பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் தண்ணீரிலிருந்து எடுப்பது, ஒரு கரண்டியில் 20 முதல் 25 கிராம். அவ்வளவுதான் அதன் மகிமை. ஆனால் புரதம் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மாட்டுத்தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து எடுத்த கொலாஜன் கரைசலை மட்டும் குடித்து, நாளுக்கு 300, 400 கலோரியில் இளைக்கும் மோகம் பரவியது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் இதயத் துடிப்பு தாறுமாறாகி. அத்தனை குறைந்த கலோரியும் தாது உப்புக் குறைபாடும் அதில் சேர்ந்தே இருந்தன. புரதத்தின் தரமும் மட்டம். கொலாஜனில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் கிடையாது, தசைக் கட்டுமானத்தை முடுக்கிவிடும் லியூசினும் குறைவு. இன்றைக்குத் தோல் பளபளப்புக்கென்று விற்கும் கொலாஜன் டப்பாவில் 10 கிராம் புரதம் என்று போட்டிருந்தாலும், உங்கள் 72 கிராமில் அதைச் சேர்க்க வேண்டாம்.