வொர்க் ஆர்டர் வந்தாச்சா? கடக்கால் தோண்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

நான் சிவில் இன்ஜினியர், சின்ன ஊர்ல ஆபீஸ், பிளான் எஸ்டிமேட் போடறதுதான் பொழப்பு. வருஷத்துக்கு பத்து பதினஞ்சு பேராவது அரசு வீட்டுத் திட்டத்துல ஆர்டர் வாங்கிட்டு பாதியில நின்னு போன வீட்டோட என்கிட்ட வர்றாங்க. எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், "சார் கவர்மெண்டு காசு ஏன் இன்னும் வரல?"

அவங்க புரிஞ்சுக்காத விஷயம் இது: கவர்மெண்டு உங்களுக்கு வீடு கட்டித் தரல, நீங்க கட்டினதுக்கு பில்லு தருது. பேஸ்மெண்ட் முடிச்சா ஒரு பில், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல போடற காங்கிரீட் பட்டை) வந்தா ஒரு பில், ரூஃப் போட்டா ஒரு பில், பூச்செல்லாம் முடிஞ்சு கழிப்பறையும் கட்டினா கடைசி பில். ஒவ்வொரு தடவையும் ஓவர்சியர் வந்து பாத்து போட்டோ எடுத்து (அந்த போட்டோல இடம் எதுன்னு மேப்போட பதிவாயிடும், பக்கத்து வீட்டை காட்டி ஏமாத்த முடியாது) ஆன்லைன்ல ஏத்தினாதான் அக்கவுண்ட்டுக்கு பணம் வரும். பாதி பேஸ்மெண்ட்டுக்கு பாதி காசெல்லாம் கிடையாது. அப்போ முதல் பில் வர்ற வரைக்கும் மண்ணு, ஜல்லி, கூலி எல்லாம் உங்க கைக்காசு. கையில இல்லாதவங்க குழு லோன் வாங்கறாங்க, பில் லேட்டாச்சுன்னா வட்டி ஏறுது, வர்ற பில் வட்டிக்கே போயிடுது. வீடு நிக்கறது இங்கதான்.

இப்ப தொகையைப் பாருங்க. கிராமத்துல பிரதமர் வீட்டுத் திட்டத்துல சமவெளிக்கு 1.20 லட்சம், அதுல 60 பங்கு மத்திய அரசு 40 பங்கு மாநில அரசு, அது போக காங்கிரீட் கூரைக்குன்னு தமிழ்நாடு அரசு தனியா சேத்து தருது. கலைஞர் கனவு இல்லம் தமிழ்நாடு அரசோட தனித் திட்டம், 2024 பட்ஜெட்ல அறிவிச்சது, 2030க்குள்ள 8 லட்சம் வீடு, முதல் வருஷம் ஒரு லட்சம் வீடு, ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம், அளவு 360 சதுரடி, அதுல 300 காங்கிரீட் கூரை, மீதி 60 தீப்பிடிக்காத வேற கூரையா இருக்கலாம். எங்க பக்கம் இன்னைக்கு மேஸ்திரிங்க சதுரடி 2,000க்கு குறைஞ்சு பேசறதில்ல. பெருக்கிப் பாருங்க, 7 லட்சத்து சொச்சம். வீட்டு ஆளுங்களே சித்தாள் வேலை பாத்து, டைல்ஸ் பெயிண்டெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம்னு விட்டாலும் அஞ்சு அஞ்சரை லட்சம் ஆகும். இந்த வித்தியாசத்தை யாரும் உங்ககிட்ட முன்னாடியே சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன்.

இதுல நம்மாளுங்க பண்ற பெரிய தப்பு, "கட்டறதே கட்டறோம் கொஞ்சம் பெருசா கட்டிடலாம்"னு இறங்கறது. போன வருஷம் ஒரு அம்மா வந்தாங்க, வீட்டுக்காரர் இல்ல, ரெண்டு பையன். 360க்கு ஆர்டர், பையனுங்க பேச்சைக் கேட்டு 620 சதுரடிக்கு பேஸ்மெண்ட் போட்டுட்டாங்க. அந்த மண்ணு வேற கரிசல், ஆழமா தோண்டித்தான் ஆகணும், பேஸ்மெண்ட்டே மொத்த காசையும் முழுங்கிடுச்சு. எட்டு மாசம் செவரு எழும்பல. பெருசா போட்டதுக்காக பில் பெருசா வராதுங்க, எத்தனை சதுரடி போட்டாலும் மானியம் அதேதான். நான் போய் பாத்துட்டு சொன்னேன், அம்மா 360ஐ மட்டும் மேல தூக்குங்க, மீதி பேஸ்மெண்ட் அப்படியே கிடக்கட்டும், பீம்ல கம்பி நீட்டி விட்டுக்கலாம், பின்னாடி சேத்துக்கலாம்னு. பையனுங்களுக்கு முகமே இல்ல, ஆனா வேற வழி இல்லையே.

மாடிப்படியும் அப்படித்தான். எல்லாருக்கும் வெளியில மாடிப்படி வேணும், கேட்டா வத்தல் காயப்போடன்னு சொல்வாங்க. அந்த காசுக்கு கழிப்பறையை முடிங்க, அது இல்லன்னா கடைசி பில் வராது. இடம் இருந்தா செப்டிக் டேங்க் கூட வேணாம், ரெண்டு உறிஞ்சு குழி போதும், செலவு பாதிதான்.

பட்டா விஷயம் ஒண்ணு. இடம் இன்னும் செத்துப்போன மாமனார் பேர்ல இருக்கும், இவங்க ஆர்டர் வந்தப்பறம் தாலுகா ஆபீசுக்கு அலைவாங்க. பயனாளி லிஸ்ட்ல பேர் வர்றதுக்கு முன்னாடியே பட்டாவை உங்க பேருக்கு மாத்தி வைங்க. நீர்நிலைப் புறம்போக்குல குடிசை போட்டிருந்தா இந்தத் திட்டத்தை நம்பி உக்காராதீங்க, அங்க பட்டா கிடைக்காது. டவுன்ல இருக்கவங்களுக்கு கணக்கு வேற, பிரதமர் நகர்ப்புறத் திட்டம் 2.0 தனி. அங்க பிளான் அப்ரூவல் பயம் இப்ப குறைஞ்சிருக்கு, 2024 ஜூலைல இருந்து 2,500 சதுரடிக்குள்ள இருக்கற மனைல 3,500 சதுரடி வரைக்கும் கட்டற வீட்டுக்கு சுயசான்றுல (விதிப்படி கட்டறேன்னு நீங்களே உறுதி குடுக்கறது) ஆன்லைன்லயே முடிச்சுக்கலாம்.

அப்பறம் "லிஸ்ட்ல பேர் ஏத்தறேன் அஞ்சாயிரம் குடு"ன்னு ஊருக்கு ஒரு ஆள் இருப்பான். குடுக்காதீங்க. பயனாளி லிஸ்ட் கிராம சபைல வைக்கணும், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாள்ல நேர்ல போய் எழுந்து கேளுங்க, தீர்மானத்துல எழுதச் சொல்லுங்க. பைக் இருக்குன்னு முன்னாடி உங்களைத் தள்ளியிருந்தா அதையும் கேளுங்க, பிரதமர் திட்டத்துல 2024ல அந்த விதியை எடுத்துட்டாங்க. அதே திட்டத்துல கான்ட்ராக்டருக்கு இடமே கிடையாது, நீங்கதான் கட்டணும்னு விதி, அதனால "மொத்தமா என்கிட்ட விடுங்க, பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் குடுங்க"ன்னு வர்ற ஆளை வாசல்லயே அனுப்பிடுங்க. மேஸ்திரிக்கு கூலி வேலையை அளந்து வாராவாரம் குடுங்க, அட்வான்ஸா அள்ளிக் குடுக்காதீங்க.

அந்த அம்மா வீட்டுக்கு தை மாசம் ரூஃப் போட்டோம், பில்லும் வந்துடுச்சு. மீதி பேஸ்மெண்ட் மேல இப்ப ஆடு கட்டியிருக்காங்க. நீட்டி விட்ட கம்பி துருப்பிடிக்காம இருக்க சிமெண்ட் பால் அடிச்சு வச்சிருக்கேன், ரெண்டாவது பையன் வேலைக்குப் போனப்பறம் பாத்துக்கலாம்.