மின்சார எஸ்யூவிக்கு மாற்று ரிம்: அகலத்தைவிட ஆஃப்செட் ஏன் முக்கியம்?

திருவையாற்றிலிருந்து காவிரிக் கரையை ஒட்டிக் கல்லணை நோக்கிச் செல்கையில் எதிரே பேருந்து வந்தால், பல இடங்களில் இடப்பக்கச் சக்கரங்களைத் தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறக்கித்தான் வழிவிட வேண்டியிருக்கிறது. அந்த நொடியில் ஸ்டீயரிங் கையை எவ்வளவு இழுக்கும் என்பதில், புதிதாக மாட்டிய அலாய் ரிம்மில் பொறித்திருக்கும் ஆஃப்செட் என்ற எண்ணுக்கும் பங்கு உண்டு.

ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாக்கும் நடுக்கோட்டுக்கும், ரிம் ஹப்பின் (சக்கரத்தைப் போல்ட் போட்டு மாட்டும் அச்சு முனையின்) மேல் பதியும் முகத்துக்கும் இடையே உள்ள தூரமே ஆஃப்செட். அதை மில்லிமீட்டரில் குறிப்பார்கள். இன்றைய கார்களில் பெரும்பாலும் பதியும் முகம் நடுக்கோட்டுக்கு வெளிப்புறம் இருக்கும். அந்தத் தூரம் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும்.

வண்டியோடு வந்த ரிம் 7 அங்குல அகலமும் 45 மி.மீ. ஆஃப்செட்டும் கொண்டது என்றும், கடையில் காட்டுவது 8 அங்குலமும் 35 மி.மீட்டரும் என்றும் கொள்வோம். கூடுதலான ஓர் அங்குலம் இருபுறமும் 12.7 மி.மீ. வீதம் பிரிகிறது, ஆஃப்செட் குறைந்ததால் சக்கரம் முழுவதுமே 10 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆகவே உள்விளிம்பு ஷாக் அப்சார்பரை நோக்கி 2.7 மி.மீ. மட்டுமே நெருங்க, வெளிவிளிம்போ 22.7 மி.மீ. வெளியே வந்துவிடுகிறது. உள்ளே இடிக்காது என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான் என்றாலும், கவலைப்பட வேண்டியது அந்த நடுக்கோட்டின் 10 மி.மீட்டரைப் பற்றித்தான்.

முன்சக்கரம் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டினால் அது தொடும் புள்ளிக்கும், டயர் தரையில் பதியும் பகுதியின் நடுவுக்கும் இடையே ஒரு சிறு தூரம் இருக்கும். அதுவே ஸ்டீயரிங்கைத் திருப்பும் நெம்புகோலின் நீளம். வடிவமைப்பாளர்கள் அதைக் கவனமாகச் சிறியதாக வைக்கிறார்கள். நடுக்கோட்டை 10 மி.மீ. நகர்த்தினால் அந்தக் கணக்கும் அதே அளவு மாறுகிறது. ஒரு சக்கரம் சேற்றிலும் மறு சக்கரம் தாரிலும் இருக்கையில் பிரேக் பிடித்தால் இருபக்க விசைகளும் ஒத்திராது. அந்த வேறுபாடு, மாறிய நெம்புகோல் வழியே ஸ்டீயரிங்குக்கு வந்து சேரும். ஆஃப்செட்டை மாற்றாமல் அகலத்தை மட்டும் கூட்டினால் நடுக்கோடு நகராது.

மின்சார வண்டியில் இதன் தாக்கம் கூடுதல். பேட்டரியின் எடையால் ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ சுமை நிற்பது இயல்பு. அச்சுமை 10 மி.மீ. வெளியே தள்ளி நின்றால், வண்டி நிற்கும்போதே ஹப் பேரிங்கின் மேல் ஏறத்தாழ 50 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை கூடுதலாக விழும். ஆகவே ரிம் தாங்கும் எடை அதில் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. டயரின் சுமைக் குறியீடும் பழையதைவிடக் குறையக் கூடாது: 95 என்றால் 690 கிலோ, 98 என்றால் 750 கிலோ.

215/60 ஆர் 17 டயருக்கு (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம்) ஏற்ற ரிம் அகலம் 6 முதல் 7.5 அங்குலம் வரை. அதை 8 அங்குல ரிம்மில் ஏற்றினால் டயரின் பக்கச்சுவர் இழுபட்டு, ரிம்மின் விளிம்பு கல்லிலும் தார் முனையிலும் இடிபடும்படி மறைப்பின்றி நிற்கும். 18 அங்குலத்துக்கு மாறி 215/55 போட்டால் மொத்த விட்டம் 690 மி.மீட்டரிலிருந்து 694 ஆகிறது. ஸ்பீடோமீட்டர் கணக்கில் பெரிய பிழை வராது. ஆனால் பக்கச்சுவரின் உயரம் 129 மி.மீட்டரிலிருந்து 118 ஆகக் குறைகிறது. நடவுக் காலத்தில் டிராக்டரின் கேஜ் வீல் (சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) கடித்த மன்னார்குடிப் பக்கச் சாலைகளில் அந்த 11 மி.மீ. ரப்பரை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. அகலமான டயர் காற்றின் தடையையும் கூட்டுவதால் ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறையும்.

அகலம் வேண்டுமென்றால் 7.5 அங்குலமும் அதே 45 ஆஃப்செட்டும் என்பதே என் தேர்வு, இருபுறமும் 6.35 மி.மீ. மட்டுமே கூடும். நடுத்துளை ஹப்பில் ஆடாமல் பொருந்த வேண்டும். மாட்டிய பின் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, வேகத்தடை மேல் மெதுவாக ஏற்றி இறக்கி, டயர் எங்கேனும் உரசிய தடம் இருக்கிறதா என்று உள்பக்கம் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். காலி வண்டியில் தெரியாத உரசல் அப்போது தெரியும்.