பெட்டையா சேவலா? பெருவிடையில் அவசரம் வேண்டாம்

ஆடி 18 முடிந்த மறுநாள், ஏற்காட்டு மலையடிவாரத்திலிருந்து ஒரு அம்மா என்னிடம் வந்தார். கோழிக்குச் சீக்கு எதுவும் இல்லை, மனசு கேட்காமல்தான் வந்திருந்தார். சேவல் என்று நினைத்து அறுத்த பெருவிடையின் (பெரிய உடம்புள்ள நாட்டுக்கோழி வகை) வயிற்றுக்குள் முட்டைக்கொத்து இருந்திருக்கிறது. "காலு தடியா, கழுத்து நீட்டமா நின்னுச்சுங்க சார், சேவல்னே முடிவு பண்ணிட்டோம்" என்றார். சில நாளில் முட்டைக்கு வந்திருக்க வேண்டிய வெடக்கோழி அது.

கால்நடை மருத்துவராக இதை அடிக்கடி பார்க்கிறேன். கொண்டை சிவந்தால் சேவல் என்ற கணக்கைச் சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழியான சிறுவிடையில் ஓரளவு நம்பலாம். நிமிர்ந்த ஒற்றைக்கொண்டை உள்ள குஞ்சுகளில் ஐந்தாறு வாரத்திலேயே சேவலுக்குக் கொண்டை பெருத்துச் சிவக்கும், தாடியும் தெரிய ஆரம்பிக்கும், கூடவே பொரித்த அதே ஈட்டுப் பெட்டைக்கு வெளிறியே இருக்கும். ஆனால் பெருவிடைக்குக் கொண்டையே சின்னது, தலையோடு ஒட்டிய பட்டாணிக் கொண்டை. அதில் பெட்டையும் உயரமாக நிமிர்ந்துதான் நிற்கும், சண்டையும் போடும். அதனால் உயரத்தை வைத்தும் குணத்தை வைத்தும் முடிவெடுக்காதீர்கள்.

நான் நம்புவது இடுப்பு இறகைத்தான். பத்துப் பன்னிரண்டு வாரம் ஆனதும் கோழியைக் கையில் பிடித்து, வாலுக்கு முன்னால் முதுகு முடியும் இடத்தில் புதிதாக முளைக்கும் இறகை விரலால் ஒதுக்கிப் பாருங்கள். சேவலுக்கு அது ஒடுங்கி, நீண்டு, நுனி கூராகப் பளபளக்கும், பெட்டைக்கு நுனி வட்டமாக இருக்கும். கூவும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை.

ஒருநாள் குஞ்சின் இறக்கையை விரித்து இறகு நீளம் பார்க்கும் வீடியோக்களைக் காட்டிப் பலர் கேட்கிறார்கள். இறகு வைத்துப் பிரிப்பதற்கென்றே இணை சேர்த்து உருவாக்கிய இனங்களில்தான் அது பலிக்கும், நம் வீட்டு நாட்டுக்கோழியில் பலிக்காது. முட்டை கூராக இருந்தால் சேவல் குஞ்சு வரும் என்பதும் உண்மையில்லை. ஆசனவாயைப் பிதுக்கிப் பார்ப்பதோ பயிற்சி உள்ளவர்கள் செய்யும் வேலை. தயவுசெய்து வீட்டில் செய்யாதீர்கள், அழுத்தம் கூடினால் உள்ளே மஞ்சள் கரு கிழிந்து குஞ்சு செத்துப்போகும்.

அப்புறம், தெருவில் சாயம் பூசி விற்கும் குஞ்சுகள். முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் பெட்டைகளைப் பிரித்து எடுத்துக்கொண்டபின் மிஞ்சும் சேவல்கள்தான் அதில் பெரும்பாலும் வருகின்றன. நாட்டுக்கோழி என்று சொல்லி விற்றாலும், முட்டைக்காக அவற்றை வாங்கி ஐந்து மாதம் தீனி போட்டு ஏமாந்த குடும்பங்கள் எத்தனையோ.

கருங்கோழி வாங்குகிறவர்கள் வாயைத் திறந்து பாருங்கள். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா கடக்நாத்துக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, கறுப்பு நிறம் தோலோடு நிற்காமல் நாக்கு, கறி, எலும்புவரை இறங்கியிருக்கும் இனம் அது. இறகு மட்டும் கறுத்து வாய்க்குள் சிவந்திருந்தால் கலப்பு என்று சொல்லிவிடலாம். முட்டை கறுப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், இளம்பழுப்புதான்.

ஏற்காட்டில் வளர்ப்பவர்களுக்கு ஒன்று. சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் பல்பு வெப்பம் போதாமல் வளர்ந்த குஞ்சு நலிந்துபோய், கொண்டையும் இறகும் பின்தங்கும். முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் கொடுங்கள், பிறகு வாரம் 3 டிகிரியாகக் குறையுங்கள். அப்படி நலிந்த ஈட்டில் பன்னிரண்டு வாரத்திலும் இடுப்பு இறகு சரியாகத் தெரியவில்லையென்றால், சந்தேகமான குஞ்சின் காலில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டி, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பிடித்துப் பாருங்கள்.