ரத்தம் ஊறுற ஊசி போட்டுக்கற சைக்கிள் தம்பிகளுக்கு

இந்த வருஷத்துல இது மூணாவது கேஸ். மூணு பேரும் சின்னப் பசங்க, மூணு பேரும் ரேஸ் சைக்கிள் ஓட்டறவங்க, மூணு பேருக்கும் கிட்னி கல்லு மாதிரி இருக்கு (கிட்னி டாக்டர் இப்படி சொல்லக்கூடாது, சரி, ஜம்முன்னு இருக்கு). அப்புறம் ஏன் என்கிட்ட வராங்கன்னா, இருபது வயசு பையனுக்கு பிபி 170-க்கு 110 இருந்தா எந்த ஜெனரல் டாக்டரும் நேரா எங்ககிட்டதான் அனுப்புவார்.

கடைசியா வந்தவனப் பத்தி சொல்றேன், யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விஷயத்த மாத்திட்டேன். விடியறதுக்கு முன்னாடியே திருவான்மியூர்ல கிளம்பி ஈசிஆர்ல மகாபலிபுரம் போயிட்டு ஆபீஸ் டிராஃபிக்குக்கு முன்னாடி திரும்பி வந்துடற ஆளு. ஹெல்மெட் பட்டை படற இடம் மட்டும் வெளுத்து, மத்ததெல்லாம் வெயில்ல கருத்து, கன்னம் ஒட்டிப் போய் இருந்தான். பத்து நாளா தலைவலி, கண்ணு செவசெவன்னு. ரிப்போர்ட்ல ஹீமோகுளோபின் 19.6, ஹெமட்டோக்ரிட் 58. அதாவது ரத்தத்துல நூத்துக்கு 58 பங்கு சிவப்பணு. என்னோட டயாலிசிஸ் பேஷண்ட்ஸ் பாதி பேருக்கு 9-லேர்ந்து 10-க்கு ஏத்தறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிடும்.

லேப்தான் சொதப்பிடுச்சோன்னு திரும்ப எடுத்தேன், அதேதான். அம்மாவ வெளில உக்கார சொல்லிட்டு கேட்டேன், தம்பி என்ன போட்டுக்கற? சத்து ஊசி டாக்டர்ன்னான். என்ன சத்துன்னு கேட்டா மொபைல்ல போட்டோ காட்டறான், எங்க யூனிட் ஃபிரிட்ஜ்ல அடுக்கி வெச்சிருக்கற அதே ஈபிஓ சிரிஞ்சு, கிட்னி போனவங்களுக்கு சிவப்பணு ஊறறதுக்காக நாங்க போடற ஹார்மோன் ஊசி. கூட ஓட்டற அண்ணன் ஒருத்தர் வாங்கித் தராராம், ரெண்டு மாசமா போகுதாம். அதுக்கு காசு தேத்த முடியாம "அடுத்த வாரம் போட்டுக்கறேன் டாக்டர்"ன்னு தள்ளிப் போடற பேஷண்ட்ஸ் என் வார்டுல இருக்காங்க. அத நினைச்சா எனக்கு வயிறு எரியுது.

அம்மா உள்ள வந்து கேட்டாங்க, "ரத்தம் ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானே டாக்டர்?" கையில சில்வர் டம்ளர்ல பீட்ரூட் ஜூஸ்.

இங்கதான் பிரச்சனையே. நம்ம ஊர்ல ரத்தம்னாலே கம்மியா இருக்கறதுதான் வியாதி, முருங்கக்கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு, மாதுளை சாப்பிடுன்னு ஊறவெச்சுட்டே இருக்கணும், ஜாஸ்தியானா ஆபத்துன்னு யாரும் யாருக்கும் சொன்னதே இல்ல. அந்தப் பையனும் அதேதான் சொன்னான், உடம்புலயே சுரக்கற ஹார்மோன் தானே டாக்டர், ஸ்டீராய்டு மாதிரி கெமிக்கல் இல்லயே, இயற்கைதானேன்னு. இன்சுலினும் உடம்புலயே சுரக்கறதுதான் தம்பி, ஒரு பாட்டில் போட்டுக்கறியா?

மொட்டமாடி டேங்க நினைச்சுக்கோங்க. ஆக்சிஜன் கொறஞ்சா கிட்னி ஈபிஓவ விடும், எலும்பு மஜ்ஜை சிவப்பணு தயார் பண்ணும், போதும்னா கிட்னியே மோட்டார நிறுத்திடும். ஆட்டோ கட்டு. வெளிலேர்ந்து ஊசி போடறது எப்படின்னா, டேங்க் நெறஞ்சு மோட்டார் நின்னப்புறம் மெட்ரோ வாட்டர் லாரிய கூப்பிட்டு மேல பைப் விட்டு ரொப்பற மாதிரி. அதுக்கு கட்டே கிடையாது. ரத்தம் கெட்டியாயிட்டே போகும், பிபி ஏறும், கட்டி தட்டும். அந்தக் கட்டி கால்ல நின்னா கால் வீங்கும், நுரையீரலுக்கு போனா உயிர் போகும், மூளைல அடைச்சா ஸ்ட்ரோக். இதுல நம்ம பையன் மே மாசத்துல முட்டுக்காடு பாலத்துல வேர்த்துக் கொட்டி ஓட்டறான், உடம்புல தண்ணி கொறைய கொறைய ஏற்கெனவே கெட்டியான ரத்தம் இன்னும் கெட்டி.

கிட்னி போனவங்களுக்கே நாங்க பயந்து பயந்துதான் போடறோம். 2009-ல ட்ரீட்னு ஒரு பெரிய ஆய்வு வந்துது, சுகரும் கிட்னி கோளாறும் சேர்ந்து இருக்கறவங்களுக்கு இதே ஜாதி மருந்த வெச்சு ஹீமோகுளோபின 13-க்கு கொண்டு போகப் பார்த்தாங்க, ஸ்ட்ரோக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆச்சு. 13-க்கே இந்தக் கதி. அதனால நாங்க 11 பக்கம் வந்ததும் டோஸ கொறைச்சுடுவோம். இவன் ஆரம்பிக்கறப்பவே 15.

இன்னொண்ணு. அந்த ஊசி 2-லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். பையன் அத கேரி பேக்ல போட்டு ஆட்டோல எடுத்துட்டு போயி ரூம்ல மேஜை மேல வெச்சிருந்தானாம். சூடு பட்டு கெட்டுப்போன மருந்து உள்ள போனா, அபூர்வமா சிலருக்கு உடம்பு அதுக்கு எதிரா ஆன்டிபாடி தயார் பண்ணி சொந்த ஈபிஓவையும் சேர்த்து அடிச்சுடும், அப்புறம் சிவப்பணு உற்பத்தியே நின்னு மாசாமாசம் ரத்தம் ஏத்திக்கிட்டு உக்கார வேண்டியதுதான்.

பசங்க உடனே ஒரு பேரு சொல்லுவாங்க. பியார்ன ரீஸ், 1996 டூர் டி ஃபிரான்ஸ் ஜெயிச்சவர், ஹெமட்டோக்ரிட்ட வெச்சு பட்டப்பேரே மிஸ்டர் 60 பர்சென்ட், 2007-ல ஈபிஓ போட்டேன்னு அவரே ஒத்துக்கிட்டார், நல்லாத்தானே இருக்கார்ங்கறாங்க. மவுண்ட் ரோட்ல சிக்னல் பாக்காம ஓடிப் பொழைச்சவனும்தான் இருக்கான்.

அப்போ ஈபிஓவ கண்டுபிடிக்க டெஸ்டே இல்ல, 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ்லதான் வந்துது. அதுக்கு முன்னாடி 1997-லேர்ந்து ஆம்பளைங்களுக்கு ஹெமட்டோக்ரிட் 50-ஐ தாண்டினா ரேஸ்லேர்ந்து வெளில அனுப்பிடுவாங்க, அவ்வளவுதான். 1999-ல ஜிரோங்கற இத்தாலி சைக்கிள் ரேஸ ஜெயிக்கப் போற நெலமைல இருந்த மார்கோ பன்டானிய ரெண்டு ஸ்டேஜ் பாக்கி இருக்கறப்போ 52ன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பினாங்க. உடனே நம்மாளுங்க மூளை எங்க போகும், காலைல டெஸ்ட்டுக்கு முன்னாடி சலைன் ஏத்தி ரத்தத்த தண்ணியாக்கிட்டா 49 காட்டும்ல? அங்கயும் அதேதான் பண்ணாங்க. அதனாலதான் இப்போ ட்ரிப்ஸுக்கே தடை.

ஆமா, ட்ரிப்ஸ். டயர்டா இருக்குன்னு தெரு முனை கிளினிக்ல போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கறது நம்ம ஊர்ல கோயிலுக்கு போயிட்டு வர்ற மாதிரி. வாடா, அதாவது உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்போட விதிப்படி 12 மணி நேரத்துல மொத்தம் 100 மில்லிக்கு மேல நரம்பு வழியா ஏத்தினா குத்தம், உள்ள வெறும் உப்புத்தண்ணியா இருந்தாலும் குத்தம். ஆஸ்பத்திரில நெசமான சிகிச்சை, ஆபரேஷன், சில பரிசோதனை, இதுக்கு மட்டும்தான் விலக்கு. நம்ம பாட்டில் 500 மில்லி, கணக்கு போட்டுக்கோங்க.

இருமல் சிரப்பும் அப்படித்தான். மெடிக்கல் ஷாப்புல கேட்டதும் எடுத்துத் தர்ற சிரப் பலதுல டெர்பியூட்டலின் இருக்கு, அது எப்பவுமே தடை. "எனக்கு தெரியாது, பார்மசிக்காரர் குடுத்தார்"ன்னு சொல்லி தண்டனைய வேணா கொறைக்கப் பாக்கலாம், பாசிட்டிவ் பாசிட்டிவ்தான். ரேஸ் ஓட்டறவன் அட்டைய திருப்பிப் படிக்காம எதையும் முழுங்காத. எந்த டாக்டர்கிட்ட போனாலும், என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன், நான் போட்டிக்கு போறவன்னு முதல்ல சொல்லு, எங்க பல பேருக்கு இந்தத் தடை லிஸ்ட் தெரியாது. ஆஸ்துமா மாதிரி நெசமாவே மருந்து வேணும்னா நாடால (வாடா மாதிரி நம்ம நாட்டு அமைப்பு) முன்கூட்டி விலக்கு வாங்கிக்கலாம், அதுக்கு வழி இருக்கு. லிஸ்ட் வருஷாவருஷம் ஜனவரி 1 மாறும், போன வருஷம் சரின்னு இருந்துடாத.

நிறுத்திட்டா தெரியாதுன்னு ஒரு நெனப்பு வேற. 2008-லேர்ந்து பெரிய சைக்கிள் ரேஸ்காரங்களுக்கு ரத்தத்துக்கே பாஸ்போர்ட் இருக்கு, அதாவது ரத்த அளவெல்லாம் தொடர்ந்து குறிச்சு வெச்சு ஒப்பிட்டுப் பாப்பாங்க, ஊசிய நிறுத்தினதும் இளம் சிவப்பணு திடீர்னு விழும், அந்த விழறதே காட்டிக் குடுத்துடும். சாம்பிள பத்து வருஷம் வெச்சிருந்து திரும்பவும் டெஸ்ட் பண்ணலாம். வாடான்னு பேரு வெச்சாலும் வெச்சாங்க, கூப்பிடாமலே வீட்டுக்கு வருவாங்க. வேணும்னே போட்டுக்கிட்டதுன்னா முதல் தடவைக்கே நாலு வருஷம் போட்டிக்கு தடை.

அந்தப் பையனுக்கு அன்னிக்கே ஒரு யூனிட் ரத்தம் எடுத்து விட்டோம், ரெண்டு நாள் கழிச்சு இன்னொண்ணு. யாருக்கும் ஏத்த முடியாது, கழிவுக்குத்தான் போச்சு. ஏற்கெனவே காஞ்சு கெடக்கான், அவன்கிட்ட போய் ரத்தத்த எடுக்கறீங்களேன்னு அம்மா வராண்டாவுல அழுதுட்டு இருந்தாங்க. கண்ணுங்களா, அந்த அண்ணன் வராண்டா பக்கமே வரல.

மூணு மாசம் கழிச்சு போன வாரம் ரிவ்யூ. 15.4. பிபி நார்மல். அம்மா தயங்கித் தயங்கி, "இப்போ பீட்ரூட் குடுக்கலாமா டாக்டர்?"ன்னாங்க. ரத்தம் ஒண்ணும் பெருசா ஊறாதும்மா, ஆனா அதுல நைட்ரேட் இருக்கு, ஐரோப்பால ரேஸ் ஓட்டறவங்களே குடிக்கறாங்க, எந்த லிஸ்ட்லயும் இல்ல, தாராளமா குடுங்கன்னேன். பையன் மூஞ்சிய சுளிச்சான்.