சப்போர்டட் லிவிங்: இல்லமா, வீடா?

இங்கிலாந்தில் பராமரிப்புத் துறையில் வேலை பார்க்கும் தமிழர்களின் பேச்சில் ‘சப்போர்டட் லிவிங்’ என்ற சொல் மொழிபெயர்க்கப்படாமலேயே புழங்குகிறது. ‘அவர் சப்போர்டட் லிவிங்ல இருக்கார்’ என்பார்கள். ‘அடுத்த வாரம் எங்க சப்போர்டட் லிவிங்குக்கு இன்ஸ்பெக்‌ஷன்’ என்றும் சொல்வார்கள். முதல் வாக்கியத்தில் குறை இல்லை. இரண்டாவதில் ஒரு பிசகு இருக்கிறது. அந்த ஆய்வு வீட்டுக்கு அல்ல. வீட்டுக்குள் வந்துபோகும் உதவிக்கு. சட்டமும் அதிகாரமும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கின்றன. ஏற்ற தமிழ்ச் சொல்லைத் தேடுகிறவரும் அதிலிருந்தே தொடங்க வேண்டும்.

சப்போர்டட் லிவிங் என்பது இதுதான்: அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர், தம் பெயரில் வாடகை ஒப்பந்தம் உள்ள வீட்டில் குடியிருக்கிறார். குளிக்க, உடுத்த, சமைக்க, கடைக்குப் போக, காசை எண்ணிச் செலவழிக்க அவருக்கு வேண்டிய உதவியை வேறொரு நிறுவனத்தின் பணியாளர்கள் அங்கேயே வந்து செய்கிறார்கள். வாடகை ஒரு கணக்கு, உதவி இன்னொரு கணக்கு. வாடகைக்குப் பெரும்பாலும் அரசின் வீட்டுவசதி உதவித்தொகை கைகொடுக்கும். உதவிக்கான செலவைப் பொதுவாக உள்ளாட்சி மன்றம் ஏற்கும். உதவி செய்யும் நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் அதை மாற்றிக்கொள்ளலாம், வீடு போகாது. கேர் ஹோம் எனப்படும் பராமரிப்பு இல்லத்தில் இது நடக்காது. அங்கே அறையும் சோறும் கவனிப்பும் ஒரே ஒப்பந்தம். கவனிப்பு வேண்டாமென்றால் அறையையும் காலி செய்ய வேண்டியதுதான்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறு உண்டு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை பிரிட்டன் பல பத்தாண்டுகள் ஊருக்கு வெளியே பெரிய மருத்துவமனைகளில் வைத்திருந்தது. வேல்ஸின் கார்டிஃப் நகரில் இருந்த ஈலி மருத்துவமனையில் நடந்த கொடுமைகளை 1967இல் அங்கு வேலை பார்த்த ஒருவர் வெளியே சொன்னார். வழக்கறிஞர் ஜெஃப்ரி ஹவ் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 1969இல் வந்தது. இத்தகைய மருத்துவமனைகளை வெளியாள் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு அதன் பிறகே பிறந்தது. 1971இல் அரசின் வெள்ளை அறிக்கை, இவர்களை மருத்துவமனைகளிலிருந்து ஊருக்குள் கொண்டுவரும் திசையைக் காட்டியது. ஆனால் வெளியே வந்தவர்களில் பலர் சிறிய இல்லங்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். கட்டடம் சுருங்கியது, வாழ்க்கை முறை அப்படியே இருந்தது. ‘சப்போர்டட் லிவிங்’ என்ற கருத்து அமெரிக்காவிலிருந்து 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பரவியபோது அதன் கேள்வி வேறாக இருந்தது. இவரை எந்த இடத்தில் வைப்பது என்று கேட்காமல், இவர் எங்கே, யாரோடு வாழ விரும்புகிறார் என்று கேட்டது. 2001இல் வெளியான அரசின் வெள்ளை அறிக்கை உரிமை, சுதந்திரம், தேர்வு, சமூகத்தில் இணைப்பு என்ற நான்கையும் கொள்கையாக ஏற்றது.

இனி தமிழுக்கு வருவோம். ‘சப்போர்ட்’ இலத்தீன் மூலம் கொண்டது. கீழிருந்து தாங்கிச் சுமப்பது அதன் முதற்பொருள். அகராதியைப் பார்த்து ‘ஆதரவு வாழ்க்கை’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. ‘ஆதரவு’ என்றதும் தமிழ்க் காதில் ‘ஆதரவற்றோர்’ என்பது சேர்ந்தே ஒலிக்கிறது. இல்லையென்றால் கட்சிகள் வெளியிலிருந்து தரும் ஆதரவு நினைவுக்கு வரும். ‘ஆதரவு இல்லம்’ இன்னும் மோசம். இல்லம் என்பது பழந்தமிழில் வீட்டைக் குறிக்கும் நல்ல சொல்தான். ஆனால் முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம், காப்பகம் என்று புழங்கிப் புழங்கி, இன்றைய வழக்கில் அது யாரோ நடத்தும் நிறுவனம் என்றாகிவிட்டது. புதுமனையில் குடியேறுகிறவர் ‘எங்கள் இல்லத்துக்கு வாருங்கள்’ என்று அழைப்பிதழில் அச்சிடலாம். பேச்சில் ‘வீட்டுக்கு வாங்க’ என்றுதான் சொல்வார். கேர் ஹோமுக்கு ‘பராமரிப்பு இல்லம்’ பொருந்துகிறது. சப்போர்டட் லிவிங் இருப்பது வீட்டில்.

‘துணை’ சரியான சொல். இருட்டில் ‘துணைக்கு வா’ என்று கூப்பிடுகிறோம். போகிற வழி நம்முடையது, வருகிறவர் கூட வருகிறார், அவ்வளவே. இன்னொரு சொல்லும் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது: தனிக்குடித்தனம். மாமியார் வீட்டை விட்டு வந்த இளம் தம்பதிக்கே அதைப் பெரும்பாலும் சொல்கிறோம் என்றாலும், தன் அடுப்பு, தன் சாவி, தன் வாடகை, தன் நேரம் என்ற முழுப்பொருளும் அதற்குள் இருக்கிறது. வாடகைக்கு இருப்பவரைக் குடித்தனக்காரர் என்கிற வழக்கும் சென்னைப் பக்கம் உண்டு. ஆகவே பேச்சுக்கு ‘துணையோடு தனிக்குடித்தனம்’, அலுவல் எழுத்துக்குத் ‘துணையுடன் தனிவாழ்வு’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு.

பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடாது என்பதை நீதிமன்றமே சொல்லவேண்டி வந்தது. தம் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்கள் கையில் வாடகை ஒப்பந்தத்தைக் கொடுத்துவிட்டு, ‘இனி இவை இல்லங்கள் அல்ல, பராமரிப்பு இல்லம் என்ற பதிவை நீக்குங்கள்’ என்று கேட்ட ஒரு நிறுவனத்தின் வழக்கு 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. ஒப்பந்தத் தாள் மட்டும் போதாது என்பதே தீர்ப்பின் சாரம். அங்கே வாழ்கிற முறை உண்மையில் மாறியிருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கத் துறையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் எளிமையானவை. வாசல் சாவி யாரிடம் இருக்கிறது? யாரோடு வீட்டைப் பகிர்வது என்று அவரைக் கேட்டார்களா? வீட்டின் ஓர் அறையைப் பணியாளர்கள் அலுவலகமாக்கிக்கொண்டார்களா? நிறுவனத்தை மாற்றினால் வீடு நிலைக்குமா?

ஆய்வு செய்யும் அமைப்பு கேர் குவாலிட்டி கமிஷன், தமிழில் பராமரிப்புத் தர ஆணையம். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்பிருந்த மூன்று அமைப்புகளின் இடத்தில் வந்து, 2009 ஏப்ரல் 1 முதல் இயங்குகிறது. இதன் எல்லை இங்கிலாந்து மட்டுமே. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு வேறு அமைப்புகள். பராமரிப்பு இல்லம் என்றால் கட்டடம், கவனிப்பு இரண்டையும் ஆணையம் பார்க்கும். துணையுடன் தனிவாழ்வில் இட வசதி அதன் வரம்பில் இல்லை. உதவியிலும் எல்லாம் அடங்காது. ‘பர்சனல் கேர்’, அதாவது உடல்சார் கவனிப்பு, இருந்தால்தான் நிறுவனம் ஆணையத்தில் பதிய வேண்டும். உண்ண, குடிக்க, குளிக்க, கழிப்பறை போக, உடுத்த, பல் துலக்கச் செய்யும் உதவிகள் அதில் வரும். தானே முடிவெடுக்க இயலாதவருக்கு இவற்றை நினைவூட்டி மேற்பார்ப்பதும் சேரும். கடைக்குக் கூடப் போவதும் மின்கட்டணம் கட்ட உதவுவதும் மட்டும் என்றால் பதிவும் இல்லை, ஆய்வும் இல்லை. உடல்சார் கவனிப்பு பெறுகிறவருக்கு மட்டும், அதோடு கிடைக்கும் பிற சமூக உதவிகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒரே வீட்டில் இருவர் இருந்து, ஒருவருக்கு மட்டும் குளிக்க உதவி தேவைப்பட்டால், ஆய்வாளரின் பார்வை சட்டப்படி அந்த ஒருவரோடு நிற்கும். எனக்கு இது விசித்திரமாகவே படுகிறது.

வாசலைத் தாண்டுவதிலும் நிபந்தனை உண்டு. அது தனியார் குடியிருப்பு. குடியிருப்பவர் ‘வாங்க’ என்றால்தான் ஆய்வாளர் உள்ளே போகலாம். அதனால்தான் பராமரிப்பு இல்லத்துக்கு முன்னறிவிப்பின்றிப் போகிறவர்கள், இங்கே பெரும்பாலும் ஓரிரு நாள் முன்பே சொல்லிவிட்டு வருகிறார்கள். சம்மதம் சொல்லும் மனத்திறன் இல்லாதவர் என்றால், 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, அந்த வருகை அவர் நலனுக்கு உகந்ததா என்று முதலில் முடிவெடுக்க வேண்டும்.

உள்ளே வந்தவர் ஐந்து கேள்விகளோடு வருகிறார்: பாதுகாப்பானதா, பயன் தருகிறதா, பரிவு இருக்கிறதா, அவரவர் தேவைக்கு ஈடுகொடுக்கிறதா, நிர்வாகம் ஒழுங்காக இருக்கிறதா. விடை நான்கு தரங்களில் ஒன்று: சிறப்பு, நன்று, மேம்பாடு தேவை, போதாது. நல்ல ஆய்வாளர் கோப்பைத் திறக்கும் முன் தெருவிலேயே பார்க்கத் தொடங்கிவிடுவார். வாசலில் நிறுவனத்தின் பெயர்ப்பலகை தொங்குகிறதா, அக்கம்பக்க வீடுகளில் இல்லாத பெரிய குப்பைத்தொட்டி நிற்கிறதா, பணியாளர்கள் சீருடையோடு குடியிருப்பவரைக் கடைக்குக் கூட்டிப்போகிறார்களா? இவையெல்லாம் ‘இது வீடு அல்ல’ என்று ஊருக்கு அறிவிப்பவை. உள்ளே போனால் மருந்துப் பதிவேடு முக்கியம். ஒருவர் சத்தம் போடுகிறார் என்பதற்காக மனநோய் மாத்திரை கொடுத்து அடக்கும் வழக்கத்தைக் குறைக்க, தேசிய மருத்துவச் சேவை 2016 முதல் தனித்திட்டமே நடத்துகிறது. எல்லாரும் இரவு எட்டு மணிக்கே படுக்கப் போகிறார்கள் என்றால் அது தூக்கத்தால் அல்ல, பணியாளர் ஷிப்ட் மாறும் நேரத்தால் என்று ஊகிக்கலாம். பேச முடியாதவர்களிடம் கேள்வி கேட்டுப் பயனில்லை. ஓரமாக உட்கார்ந்து, பணியாளர் அவரோடு பேசுகிறாரா, அவர் தலைக்கு மேலே இன்னொரு பணியாளரோடு பேசுகிறாரா என்று குறித்துக்கொள்ளும் ஒரு முறையை, முன்பிருந்த ஆய்வு அமைப்பும் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கின. தாமே குறைபாடு உள்ளவர்களோ குடும்பத்தினரோ ஆய்வுக் குழுவில் இடம்பெறுவதும் உண்டு. அவர்களை ‘பட்டறிவு வல்லுநர்’ எனலாம்.

இந்த வேலைக்கு எந்தத் தமிழ்ச் சொல்? ‘இன்ஸ்பெக்ட்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்கு உள்ளே நோக்குதல் என்று பொருள். ‘சோதனை’ என்றால் வருமானவரிச் சோதனைதான் நினைவுக்கு வரும். ‘கண்காணிப்பு’ பொருந்தவே பொருந்தாது. இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டத் தொழிலாளரை மேய்த்த கங்காணி அந்தச் சொல்லில்தான் இருக்கிறார். இலங்கைத் தமிழில் ‘பரிசோதகர்’ உயிரோடு இருக்கிறது: பொலிஸ் பரிசோதகர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர். தமிழ்நாட்டில் அதே பதவிக்கு ‘ஆய்வாளர்’. பிரிட்டனில் உள்ள தமிழர்களில் ஈழத்தவரே அதிகம் என்பதால் அங்கே பரிசோதகர் எளிதில் விளங்கும். பொதுவாக எழுத ‘தர ஆய்வு’ போதும். ‘பராமரிப்பு’ என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் வடமொழி மூலமான ‘பராமர்ச’ என்பதற்குத் தொட்டறிதல், எண்ணிப் பார்த்தல் என்று பொருள். தெலுங்கில் ‘பராமர்சை’ இன்றும் நலம் விசாரிப்பது. ‘கேர்’ என்பதன் பழைய ஆங்கில வடிவத்துக்கோ துயரம், கவலை என்று பொருள். ஆக ஆராய்ந்து பார்ப்பது நம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஆய்வு தோற்ற இடங்களும் உண்டு. பிரிஸ்டல் அருகே விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் நோயாளிகள் அடிபட்டதை 2011 மே மாதம் பிபிசி ஒளிபரப்பியது. 11 பணியாளர்கள் குற்றவாளிகள் என முடிவாயிற்று. அங்கே வேலை பார்த்த செவிலியர் ஒருவர் முன்பே எச்சரித்தும் ஆணையம் அசையவில்லை. 2019இல் டரம் பகுதியின் வோர்ல்டன் ஹால் மருத்துவமனையிலும் அதே கதை. ஆணையம் அதற்கு முன்பு ‘நன்று’ என்று தரமிட்டிருந்த இடம் அது. இரண்டும் மருத்துவமனைகள், தனிவாழ்வு வீடுகள் அல்ல. ஆனால் வீடு சிறிது என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. சின்ன வீட்டில் சாட்சிகளும் குறைவு. செஷயர் வெஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் எந்த மூவரைப் பற்றித் தீர்ப்பளித்ததோ அவர்களில் ஒருவர், வேறு இருவரோடு ஒரு பங்களாவில் பணியாளர் துணையோடு வாழ்ந்தவர். வசதியான வீடுதான், ஆனாலும் அவர் சுதந்திரம் பறிக்கப்பட்டிருக்கிறது என்றது நீதிமன்றம். தங்கக் கூண்டும் கூண்டுதான் என்று நீதிபதி ஹேல் எழுதியது அந்தத் தீர்ப்பில்தான்.

கட்டடப் பக்கத்து ஓட்டையை அடைக்க 2023இல் தனிச் சட்டம் வந்தது. துணையுள்ள குடியிருப்புகளுக்குத் தேசியத் தர அளவுகளும், உள்ளாட்சி மன்றங்கள் உரிமம் வழங்கும் முறையும் அதன் நோக்கங்கள்.

மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் ஒன்று மிச்சமிருக்கிறது: ‘லேர்னிங் டிஸபிலிட்டி’. பிரிட்டனில் 1990களில், ‘மென்டல் ஹேண்டிகேப்’ என்ற பழைய பெயருக்கு மாற்றாக அரசு ஏற்ற சொல் இது. அறிவுத்திறனிலும் அன்றாடச் செயல்களிலும் சிறுவயதிலேயே தொடங்கி வாழ்நாள் முழுக்க நீடிக்கும் குறைபாட்டை அது குறிக்கும். இந்தியாவில் அதே ஆங்கிலச் சொல் எழுத்துக்கூட்டிப் படிப்பதில் திணறும் டிஸ்லெக்சியா போன்றவற்றுக்கு உரியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் இவை தனித்தனி இனங்கள். லண்டன் துண்டறிக்கையில் ‘கற்றல் குறைபாடு’ என்று படிக்கும் ஒரு தாய், பள்ளிப் பாடச் சிக்கல் என்றே எடுத்துக்கொள்வார். தன் முப்பது வயது மகனுக்கு உரிய உதவி அதில் இருப்பதைக் கவனிக்காமலே மடித்து வைத்துவிடக்கூடும். ‘அறிவுசார் குறைபாடு’ என்று எழுதுங்கள். ‘மனவளர்ச்சி குன்றியவர்’ பழைய கோப்புகளோடு இருக்கட்டும்.